கள்ளுக் கலயத்தில் பிறந்த கேள்வி

 

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் என்னும் எங்கள் ஊர் இருக்கிறது. இன்று அந்தப் பக்கம் போனால் செம்பனை மரங்களும், அவற்றுக்கு இடையிடையே தொழிற்சாலைக் கூரைகளும் தெரியும். எங்கள் தாத்தாமார் காலத்தில் அங்கே பால்மரங்கள் நின்றன. கடலோரத்தை ஒட்டித் தென்னைகள் நின்றன. அந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. இன்று உங்களோடு பேச வந்திருப்பது, என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வியைப் பற்றித்தான்.

அன்று நுண்ணுயிர்ப் பாடம். ரொட்டி மாவில் போடும் ஈஸ்டைக் கொஞ்சம் எடுத்து, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, ஒரு போத்தலில் ஊற்றினேன். போத்தலின் வாயில் ஒரு பலூனை மாட்டி வைத்தேன். சிறிது நேரத்தில் தண்ணீர் நுரைத்தது. பலூன் மெல்ல எழுந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இந்தத் தண்ணீருக்குள் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. அவை மரம் மொட்டு விடுவதுபோல் உடம்பில் ஓர் அரும்பு விட்டு இனம் பெருகுகின்றன" என்று சொல்லி, கரும்பலகையில் ஓர் உருண்டையும் அதன்மேல் ஒரு சின்ன உருண்டையும் வரைந்தேன்.

கடைசி வரிசையில் இருந்த சிறுமி எழுந்தாள். "டீச்சர், அது உருண்டையாத்தானே இருக்கு? அதுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லையே. மொட்டு எந்தப் பக்கம் விடணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நேயர்களே, எனக்கு விடை தெரியவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி உட்கார வைத்தேன். பிறகு படிக்கத் தொடங்கினேன். அந்தச் சிறுமியின் கேள்வி சின்னக் கேள்வி அன்று என்பதும், உலகத்து விஞ்ஞானிகள் பலர் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதோடு, நம் தோட்டத்து வாழ்க்கைக்கும் அந்தச் சின்ன உயிருக்கும் உள்ள பழைய உறவும் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த ஈஸ்ட் யார் என்று பார்ப்போம். இது காளான் இனத்தைச் சேர்ந்தது. ஒரே ஓர் உயிரணுதான் அதன் முழு உடம்பு. கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய 200 ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தலாம். சர்க்கரைதான் அதன் உணவு. காற்று போதாத இடத்தில் அது சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் சாராயச் சத்தையும் வெளியே விடுகிறது. ரொட்டி உப்புவதற்கு அந்த வாயு காரணம். கள் வெறியூட்டுவதற்கு அந்தச் சாராயச் சத்து காரணம்.

தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். பாளையிலிருந்து சொட்டும் சாறு முதலில் இனிப்பாகவே இருக்கும். அதில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை. ஆனால் காற்றிலும், பாளையிலும், நேற்றைய கலயத்தின் ஓரத்திலும் ஈஸ்ட் காத்திருக்கிறது. சாறு விழத் தொடங்கிய உடனே அதுவும் வேலையைத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து கலயத்தை இறக்குவதற்குள்ளேயே சாறு கள்ளாக மாறத் தொடங்கியிருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் மட்டும் ஈஸ்டின் கை ஓங்காது. சாறு பதநீராகவே நிற்கும். நம் முன்னோர் ஈஸ்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அதைத் தடுக்கும் வழியைக் கண்டு வைத்திருந்தார்கள்.

என் பாட்டி, தாத்தா குடிக்க வாங்கி வரும் கள்ளில் ஒரு கரண்டியை எடுத்து ஆப்ப மாவில் ஊற்றி வைப்பார். விடிந்தால் மாவு பொங்கி நிற்கும். வீட்டுக்கு வந்த கள்ளில் எங்களுக்குக் கிடைத்த நன்மை அந்த ஒரு கரண்டிதான். மற்றதெல்லாம் தாத்தாவுக்குப் போனது. சம்பள நாள் மாலையில் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து, தாத்தா எந்த வழியாக வருகிறார் என்று பார்ப்பாராம். நேர்வழியாக வந்தால் வீட்டில் மீன் வாங்குவார்கள். கள்ளுக்கடை வழியாக வந்தால் கடனுக்குத்தான் அரிசி. இது என் வீட்டுக் கதை மட்டுமா? உங்கள் வீட்டிலும் இதை ஒருவர் சொல்லியிருப்பார்.

ஆங்கிலேயர் காலத்தில் தோட்டந்தோறும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. நாளெல்லாம் உழைத்த மனிதனுக்குப் பக்கத்தில் வேறு பொழுதுபோக்கு இல்லை. கடை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. இதை நம்மவர்கள் உணராமல் இருக்கவில்லை.

1941-ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்நின்று நடத்தியவர்களில் ஆர். எச். நாதன் என்பவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். துரையின் எதிரே சைக்கிளில் ஏறிப் போக உரிமை வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். அந்தப் பட்டியலிலேயே இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மற்றொன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்.

அந்தப் போராட்டம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போருக்குப் பின், 1947-இல், கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். அங்கும் உயிர் போயிற்று. கள்ளை எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்தவர்கள் நம் இனத்தில் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கள்ளுக்கடையை மூடு, பள்ளியைத் திற என்று அவர்கள் ஒரே மூச்சில் கேட்டார்கள். அந்தப் பள்ளியில் இன்று உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை, கலயத்துக்குள் இருக்கும் உயிரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. அதற்கு விடை சொல்லாமல் விடலாமா? ஆகவே, அந்த உயிரை உலகம் அறிந்துகொண்ட கதைக்கு வருவோம்.

1680-இல் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லேவன்ஹுக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லை வழியாக, பீர் நுரையின் ஒரு துளியைப் பார்த்தார். அவர் துணி வணிகர். பல்கலைக்கழகம் போனவர் அல்லர். துளிக்குள்ளே சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. அவற்றை அப்படியே எழுதி வைத்தார். ஆனால் அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் 150 ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1837-ஆம் ஆண்டை ஒட்டி, பிரான்சில் கான்யார் தெ லா தூர் என்பவரும், ஜெர்மனியில் தியோடர் ஷ்வான் என்பவரும், ஒருவர் உதவி மற்றவர்க்கு இல்லாமலே, நுண்ணோக்கியில் ஒரே காட்சியைக் கண்டார்கள். ஓர் உருண்டையின் பக்கத்தில் சிறு புடைப்புத் தோன்றியது, அது வளர்ந்தது, மற்றோர் உருண்டையானது. அரும்புகிறது என்றால் அது உயிருள்ளதுதான் என்று இருவரும் சொன்னார்கள். ஷ்வான் அதற்குச் சர்க்கரைக் காளான் என்று பெயர் வைத்தார். இன்று விஞ்ஞானிகள் வழங்கும் சாக்கரோமைசிஸ் என்ற பெயருக்கும் அதே பொருள்தான்.

அந்த உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. அக்காலத்து வேதியியலில் பெரும்புகழ் பெற்றிருந்த லீபிக், வோலர் என்னும் இருவர், 1839-இல் தம் பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஈஸ்ட் என்பது சாராயம் காய்ச்சும் குடுவை வடிவத்தில் உள்ள குட்டி விலங்காம். சர்க்கரையை விழுங்கிவிட்டு ஒரு வழியாகச் சாராயத்தையும் மற்றொரு வழியாக வாயுவையும் விடுமாம்! படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடுமா? 1857 முதல் லூயி பாஸ்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டிய சோதனைகள், நொதித்தல் உயிருள்ளவற்றின் வேலை என்பதை நிலைநாட்டின.

1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர், ஒரே ஓர் ஈஸ்ட் உயிரணுவைத் தனியே பிரித்தெடுத்து, அதிலிருந்து ஒரு முழுக் கூட்டத்தையே வளர்த்தார். அதற்கு முன்பு கள்ளானாலும் பீரானாலும், எந்த ஈஸ்ட் வந்து விழுகிறதோ அதுவே வேலை செய்தது. சில நேரம் பானம் கெட்டுப்போனது. ஹான்சனுக்குப் பிறகு நல்ல இனத்தைத் தேர்ந்து வளர்க்க முடிந்தது. அதே பெயர் கொண்ட நிறுவனம் 1972-இல் நம் ஷா ஆலாமில் தன் ஆலையைத் தொடங்கியது. நம் கலயத்து ஈஸ்டின் வரலாறு கோப்பன்ஹேகன் வரை போய், நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்திருக்கிறது.

ஈஸ்ட் உயிருள்ளது என்பது தெரிந்தாயிற்று. அரும்பி வளர்கிறது என்பதும் தெரிந்தாயிற்று. எங்கே அரும்பும் என்பதுதான் நம் சிறுமியின் கேள்வி. அதற்கு முன், ஓர் அரும்பு எப்படி வளர்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் தாயின் மேல்தோலில் ஒரே ஓர் இடம் குறிக்கப்படுகிறது. அந்த இடத்தில் ஒரு வளையம் அமைகிறது. உயிரணுவின் உள்ளே மெல்லிய இழைகள் அந்த இடத்தை நோக்கி நீள்கின்றன. செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் எல்லாம் ஒரே ஆலையை நோக்கிப் போவதுபோல், புதுச்சுவர் கட்டும் பொருள்கள் அந்த இழைகளின் வழியே அங்கு போய்ச் சேருகின்றன. சுவர் புடைக்கிறது, அரும்பு வளர்கிறது. பிறகு தாயின் உட்கரு இரண்டாகி, ஒன்று அரும்புக்குள் செல்கிறது. கழுத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழும்புகிறது. அரும்பு பிரிந்து மகளாகிறது. நல்ல உணவும் இளஞ்சூடும் இருந்தால் இவ்வளவும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மகள் பிரிந்த இடத்தில் தாயின் உடம்பில் வட்டமான ஒரு தழும்பு நிற்கிறது. அது கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கிறதே, அதே பொருள்தான். கேரித் தீவுப் பக்கம் நண்டு பிடித்துத் தின்றவர்களுக்கு அதன் உறுதியைச் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கும் காகிதத்துக்கும் வெண்மை கூட்டப் பயன்படும் ஒரு வகைச் சாயத்தை ஈஸ்டின்மேல் விட்டு, தனி ஒளியில் பார்த்தால், தழும்புகள் சின்னச் சின்ன மோதிரங்களாக மின்னும். எத்தனை மோதிரமோ அத்தனை பிள்ளைகள். தாய் எத்தனை முறை ஈன்றாள் என்பதை அவள் உடம்பைப் பார்த்தே எண்ணிவிடலாம்.

1959-இல் கலிபோர்னியாவில் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்னும் இருவர், நுண்ணோக்கியின் கீழே மெல்லிய ஊசியால் ஒவ்வொரு மகளையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாயை மட்டும் பின்தொடர்ந்தார்கள். ஒரு தாய் சராசரியாக 24 முறை அளவில் அரும்பிவிட்டு ஓய்ந்துபோனது. பிறந்த மகளோ புதிதாக எண்ணிக்கையைத் தொடங்கியது. தழும்புகளைப் பார்த்தவர்கள் இன்னோர் ஒழுங்கையும் கண்டார்கள். ஒரு தழும்பு விழுந்த இடத்தில் மறுபடி அரும்பு வருவதில்லை. அது மட்டுமன்று, தழும்புகள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கவும் இல்லை.

இதன்பின் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லீலண்ட் ஹார்ட்வெல் என்பவர், பழுதுபட்ட ஈஸ்டுகளைத் தேடிச் சேர்த்தார். பழுது எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு வண்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எது எதற்குப் பயன்படுகிறது என்பது தெரிந்துவிடும் அல்லவா? அதே முறைதான். சாதாரணச் சூட்டில் நன்றாக இருந்து, சூட்டைக் கூட்டியதும் ஒரு குறிப்பிட்ட படியில் நின்றுபோகும் ஈஸ்டுகளை அவர் வகைப்படுத்தினார். அரும்பின் அளவே அவருக்குக் கடிகாரம் ஆயிற்று. உயிரணு பிரியும் ஒழுங்கைக் கண்டதற்காக, 2001-இல் மற்ற இருவரோடு அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இதே வழியில் ஜான் பிரிங்கிள் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு விந்தையான ஈஸ்டைக் கண்டார்கள். அதைப் பற்றிய கட்டுரை 1990-இல் வந்தது. சூட்டைக் கூட்டினால் இந்த ஈஸ்ட் அரும்பு விடவே இல்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. உணவு தின்றது, பருத்தது, உள்ளே உட்கருக்கள் பெருகின. எல்லாம் நடந்தும், எந்தப் பக்கம் வளர்வது என்று அதற்குத் தெரியவில்லை. உருண்டையாகவே வீங்கிக்கொண்டு போயிற்று. திசை தெரியாத வளர்ச்சி வீக்கந்தானே! அந்த ஈஸ்டில் பழுதான மரபணுவுக்கு சிடிசி 42 என்று பெயர். அது ஆக்கும் புரதமே, "இங்கே வளருங்கள்" என்று இடத்தைக் குறித்து வேலையைத் தொடங்கி வைக்கும் தலைமை ஆள்.

அடுத்த ஆண்டு, 1991-இல், சான் பிரான்சிஸ்கோவில் ஜான் சாண்ட், ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் இருவர் இன்னொரு வகைப் பழுதை வெளியிட்டார்கள். அந்த ஈஸ்டுகள் தடையின்றி அரும்பின. ஆனால் இடம் மட்டும் தாறுமாறாகப் போயிற்று. அதற்குக் காரணமான மரபணுக்களுக்கு, அரும்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்தே, பட் 1, பட் 2 என்று வரிசையாகப் பெயரிட்டார்கள். அரும்பும் வேலை வேறு, இடம் தேரும் வேலை வேறு என்பது அப்போது தெளிவாயிற்று.

இடம் தேரும் வழி என்ன? தோட்டத்தில் மறுநடவு செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கயிறு பிடித்து முளைக்குச்சி அடிப்பார்கள். அந்தக் குச்சியைப் பார்த்து மண்டோர் ஆளைக் கூப்பிடுவார். ஆள் வந்து குழி வெட்டுவார். ஈஸ்டிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். முந்திய பிரசவம் நடந்த கழுத்துப் பகுதியில் சில புரதங்கள் அடையாளமாகத் தங்கிவிடுகின்றன, அவையே முளைக்குச்சி. பட் 1 என்னும் மரபணு தரும் புரதம் அந்த அடையாளத்தைக் கண்டு குரல் கொடுக்கிறது, அது மண்டோர். குரலைக் கேட்டு சிடிசி 42 அங்கே திரண்டு வேலையைத் தொடங்குகிறது. மண்டோர் இல்லாவிட்டாலும் ஆள் வேலை செய்வார். ஆனால் குச்சி இருக்கும் இடத்தில் செய்யமாட்டார். பழுதுபட்ட ஈஸ்டில் நடந்ததும் அதுதான்.

இந்த ஒழுங்கிலும் இரண்டு முறைகள் உண்டு. சில ஈஸ்டுகளுக்கு மரபுச் செல்வம் ஒரு தொகுதிதான் இருக்கும். அவை முந்திய தழும்பின் பக்கத்திலேயே அடுத்த அரும்பை விடும். தழும்புகள் சங்கிலிபோல் வரிசையாக நிற்கும். இரண்டு தொகுதிகள் உள்ள ஈஸ்டுகளோ உடம்பின் இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றில் அரும்பும். ஒரு தொகுதி உள்ளவை கூடிப் பிறக்க இணை தேட வேண்டும். பக்கத்திலேயே பிள்ளைகள் இருந்தால் இணை எளிதில் கிடைக்கும். இரண்டு தொகுதிகள் உள்ளவற்றுக்கு அந்தத் தேவை இல்லை. எட்டிப் போனால் புதிய உணவு கிடைக்கும். இதுவே காரணமாக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து.

இன்னொரு வியப்பும் உண்டு. அடையாளத்தை முழுவதும் அழித்துவிட்டாலும், ஈஸ்ட் ஒரு நேரத்தில் ஓர் அரும்புதான் விடும், இரண்டு விடாது. அது எப்படி? சிடிசி 42 தற்செயலாக ஓரிடத்தில் சற்று அதிகமாகச் சேர்ந்தால், அந்தக் கூட்டமே மேலும் பலரை இழுக்கிறது. மற்ற இடங்களில் சேரத் தொடங்கியவை ஆளில்லாமல் கலைந்துபோகின்றன. திருவிழாவில் ஒரு கடையின் முன் நாலு பேர் கூடினால் நாற்பது பேர் வந்து நிற்பதைப் போன்றது இது. உருண்டையான உடம்பில் ஒரு பக்கம் பிறப்பது இப்படித்தான்.

பழைய தழும்பின் மேலேயே ஏன் அரும்புவதில்லை என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. பிரசவம் முடிந்த இடத்தில் ஒரு காவல் புரதம் நின்று, சிடிசி 42 அங்கே வேலை தொடங்காதபடி அடக்கி வைக்கிறது. அந்தக் காவலை நீக்கிவிட்டால், ஈஸ்ட் பழைய கழுத்துக்குள்ளேயே மறுபடி அரும்பப் பார்க்கிறது.

இதெல்லாம் ஒரு நுண்ணுயிரைப் பற்றிய செய்திதானே, நமக்கு என்ன என்று சிலர் எண்ணலாம். சிடிசி 42 நம் உடம்பிலும் இருக்கிறது. ஈஸ்டில் 191 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது, மனிதனிலும் 191தான். நூற்றுக்கு 80 இடங்களில் இரண்டும் ஒன்றே. மனிதனின் மரபணுவைப் பழுதுபட்ட ஈஸ்டுக்குள் வைத்தால், அந்த ஈஸ்ட் மறுபடி அரும்புகிறது! உங்கள் பிள்ளையின் விரலில் முள் குத்தினால், வெள்ளை அணுக்கள் கிருமி இருக்கும் திசையை நோக்கி நகர்கின்றன. நரம்பணு தன் நீண்ட கிளையை ஒரு திசையில் நீட்டுகிறது. அங்கெல்லாம் திசை காட்டும் வேலையில் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. அதனால்தான் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் ஈஸ்டை வைத்து இத்தனை ஆராய்ச்சி நடக்கிறது.

நம் பக்கத்து நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அரும்பாமல், நடுவில் குறுக்குச்சுவர் எழுப்பி இரண்டாகப் பிளக்கும் ஈஸ்ட் இனம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் தினை பீரிலிருந்து 1893-இல் அதை எடுத்துப் பெயரிட்டார்கள்; தென்னங்கள்ளிலும் பனங்கள்ளிலும் அது வாழ்வதுண்டு. எந்த இடத்தில் சுவர் எழுப்புவது என்று அது எப்படி அறிகிறது என்பதை, சிங்கப்பூரின் தெமாசெக் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் மோகன் பாலசுப்ரமணியன் என்னும் விஞ்ஞானி பல்லாண்டுகள் ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அந்த வேலையைத் தொடர்ந்தார். பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சில வாரங்கள் கழித்து வகுப்பில் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டேன். "அது முன்னால் எங்கே ஈன்றது என்பதை அதன் உடம்பு மறப்பதில்லை. அந்த அடையாளத்தை வைத்துத்தான் அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது" என்றேன். அவள் சிறிது யோசித்தாள். "அப்போ முதன்முதலா பிறந்த பிள்ளைக்கு, டீச்சர்? அது இன்னும் ஈனவே இல்லையே" என்றாள். "அதற்கும் அடையாளம் உண்டு அம்மா. தாயிடமிருந்து பிரிந்த இடத்தில் மகளின் உடம்பிலும் ஒரு வடு இருக்கும். அங்கிருந்துதான் அது கணக்கைத் தொடங்கும்" என்றேன். "தொப்புள் மாதிரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதும் தன் சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பார்த்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும்போது என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். கள் என்றாலே அவருக்கு வயிறு எரியும். அதே கள்ளுக்குள் இத்தனை ஒழுங்கோடு வாழும் ஓர் உயிர் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. குடிப்பதற்குக் கடை வைத்துக் கொடுத்தவர்கள், அறிவதற்கு ஒரு நுண்ணோக்கி வைத்துக் கொடுக்கவில்லை. கிள்ளானில் 1941-இல் நின்றவர்கள் கேட்டது அந்த நியாயத்தைத்தான்.

பெற்றோர்களே, நம் சமூகத்தின் உடம்பிலும் தழும்புகள் உண்டு. அவற்றை மறைக்கவும் வேண்டாம்; அந்த இடத்திலேயே போய் விழவும் வேண்டாம். கள்ளும் சம்சுவும் நம் குடும்பங்களில் விட்ட வடுவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கலயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அவர்கள் படிக்கட்டும். உங்கள் பிள்ளை ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தால், "போய் வேலையைப் பார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், "நாளைக்கு டீச்சரைக் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கும் தெரியாவிட்டால் நாங்கள் படித்துச் சொல்கிறோம்.